ஏழு பேர் படிக்கிற கடை

இரண்டு வருடமாக நான் எழுதியதை ஒரு நாளைக்கு ஏழு பேர் படித்தார்கள். எங்கள் வலைப்பூவின் அடியில், வந்து போனவர்களின் எண்ணிக்கை ஓடும். மழை பெய்தாலும் ஏழு, வெயில் கொளுத்தினாலும் ஏழு. அந்த ஏழில் ஒன்று நான். இன்னொன்று என் அண்ணி, எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே வருவாள். அதனால் எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். "ஏய் ஏழு, சாப்பிட வர்றியா?" என்றுதான் கூப்பிடுவாள்.

எங்களுடையது தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. கழற்றுவதும் மாட்டுவதும் அண்ணன். மெஷினை வாங்கி வைப்பது, சீட்டு கட்டுவது, போன் எடுப்பது, "நேத்தே தர்றேன்னு சொன்னீங்களே" என்று வருகிறவர்களிடம் மல்லுக்கு நிற்பது எல்லாம் நான். வருகிற ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டைச் சீட்டு கட்டுவோம். என்ன பழுது, யாரால் வந்த பழுது என்று அண்ணன் சொல்லச் சொல்ல அதில் எழுதுவேன். ஆளைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டான். சீட்டு என்றால் போதும், வெளுத்து வாங்கிவிடுவான். 'சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். உள்ளே பிசினாக இறுகிவிட்டது. வீட்டுக்காரர் வேலையாக இருக்கும்.' 'ஊசி மாற்றி ஒரு வருடம் இருக்கும். மெஷின் மேல் தப்பில்லை.' 'உள்ளே கிடைத்தவை: கொண்டை ஊசி ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு, பால் பல் ஒன்று.'

இந்தச் சீட்டுகளைத்தான் ஆள் அடையாளம் தெரியாமல் நான் வலைப்பூவில் எழுதினேன். என்ன பழுது, வீட்டிலேயே சரிசெய்யலாமா, கூடாதென்றால் ஏன் கூடாது, அவ்வளவுதான். விளம்பரம் எழுத எனக்கு வராது. 'வாருங்கள், வாருங்கள்' என்று யாராவது கூவினால் எனக்கு எதிர்ப்பக்கம் நடக்கத்தான் தோன்றும். கடைசி வரியில் கடையின் போன் நம்பரை மட்டும் போட்டுவிடுவேன்.

பக்கத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். செய்தியோடை என்று அதற்குப் பெயர். யாராவது ஒரு தடவை அதைத் தங்கள் படிக்கும் செயலியில் சேர்த்துக்கொண்டால், அதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் தானாகவே அவர்கள் போனுக்குப் போய்ச் சேரும். முழுப் பதிவையும் அனுப்பலாம். நாலு வரியைக் காட்டிவிட்டு 'மீதிக்கு இங்கே வரவும்' என்றும் சொல்லலாம். பாதியைக் காட்டி மீதியை ஒளித்துவைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுதாகவே போகட்டும் என்று முதல் நாள் டிக் அடித்தேன். பிறகு அந்தப் பட்டனையே மறந்துபோனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிந்த மோட்டார் ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும்போது சில சமயம் கடை முழுக்க ஃபியூஸ் போய்விடும். அதனால் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் அண்ணன் "போடறேன்!" என்று கத்துவான். "இரு, சேமிச்சுக்கறேன்!" என்று நான் பதிலுக்குக் கத்துவேன். அவன் இருந்தால்தானே? கத்துகிற வாயும் தட்டுகிற விரலும் அவனுக்கு ஒன்றாகவே வேலை செய்யும். நான் எழுதியதில் கால்வாசி அப்படித்தான் அம்போ என்று போனது. "என்ன பெரிய எழுத்து! மறுபடி எழுது, கையா தேஞ்சிடும்?" என்பான். வயிற்றெரிச்சல் தாங்காமல் அதையும் சேர்த்துப் பதிவில் எழுதிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டிடக்காரர் எங்கள் கடை இருந்த முன்பகுதியை ஒரு பெரிய மெஷின் கம்பெனியின் ஷோரூமுக்குக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு ஓர் அறையைக் காட்டினார். கட்டிடத்தின் பின்பக்கச் சந்தில் ஏறிப் போக வேண்டும், இருபத்திரண்டு படி. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அடுத்த வாரமே ஷோரூமிலிருந்து டை கட்டின மேனேஜர் வந்தார். அண்ணனுக்கு அங்கே மெக்கானிக் வேலை, கம்பெனிச் சட்டை, மாதச் சம்பளம். கடையை மூடிவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு அங்கே இடமில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

"மேல போயிடலாம்ண்ணா" என்றேன் புதன்கிழமை சாயங்காலம்.

"யாரு ஏறுவா? தெருவுல போறவங்க கண்ணுல பட்டாதான் அது கடை. இல்லன்னா குடோன்."

"நான் எழுதறதைப் படிக்கிறவங்க வருவாங்க."

"எத்தனை பேரு?"

உள்ளே சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி, "ஏழு!" என்று குரல் கொடுத்தாள்.

"அதுலயும் ரெண்டு பேரு ஏற்கனவே இங்கதான் இருக்கீங்க" என்றான் அண்ணன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சனிக்கிழமை அவரு பேப்பரோட வர்றாரு. போட்டுடலாம்னு இருக்கேன்மா. எனக்கும் பயமா இருக்குல்ல?"

பயம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன பேசுவது? திமிராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுத வேண்டியது பாதியில் நின்றிருந்தது. ஊசிக்குக் கீழே, அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் இடத்தில், நூலைப் பிடித்து இழுக்க அரை நிலா வடிவில் ஒரு துண்டு இருக்கும். ஷட்டில் என்பார்கள். அதைக் கழற்றி, உள்ளே சேர்ந்த பஞ்சைத் துடைத்து, திரும்ப மாட்டுவது எப்படி என்று படிப்படியாக எழுதிக்கொண்டு வந்தேன். கழற்றச் சொல்லிவிட்டேன், துடைக்கச் சொல்லிவிட்டேன். 'திரும்ப மாட்டியதும் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஊசி ஒடியும், சில சமயம் மெஷினே கெட்டுவிடும். அது என்னவென்றால்' என்று அடித்தேன்.

"போடறேன்!" என்றான் அண்ணன்.

கண்ணில் தண்ணீர் நிற்கிறது. திரையில் 'சேமி', 'வெளியிடு' என்று இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவசரத்தில் ஒன்றை அழுத்தினேன். படக்கென்று எல்லாம் அணைந்தது. அண்ணன் ஃபியூஸ் மாற்றினான். நான் கம்ப்யூட்டரைத் திரும்பப் போடவில்லை. யாருக்காக எழுத வேண்டும் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னவென்றால்?" என்றது ஒரு பெண் குரல்.

"யாருங்க பேசறது?"

"யாரா இருந்தா என்ன? அது என்னவென்றால், என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வைத்தால் அடுத்த போன். திரைச்சீலை தைக்கிறவராம். "ஏம்மா, மெஷினைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கேன். ஷட்டிலை மூடியிருந்த வளையம் ஒரு டம்ளர்ல கிடக்கு, ஷட்டில் இன்னொரு டம்ளர்ல கிடக்கு. தண்ணி குடிக்கவும் டம்ளர் இல்ல. எதை மறக்கக் கூடாது?" அதற்கடுத்தது ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். ஆபரேஷன் தியேட்டரில்கூட யாரும் தன்னை இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனதில்லை என்றார். அதற்கடுத்தது ஒரு தையல் வகுப்பு டீச்சர்.

"நீங்க எழுதறதை நான் சத்தமா வாசிப்பேங்க, பசங்க ஒவ்வொண்ணா செய்வாங்க. இப்ப பன்னெண்டு மெஷினும் திறந்து கிடக்கு. பன்னெண்டு பேரும் கையில அரை நிலாவை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கறாங்க. கொஞ்சம் கருணை காட்டுங்க!"

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். அடக் கடவுளே! சேமிப்பதற்குப் பதிலாக வெளியிட்டிருக்கிறேன். 'அது என்னவென்றால்' என்று அந்தரத்தில் தொங்குகிறது பதிவு. கீழே எண்ணிக்கையைப் பார்த்தால் அப்போதும் ஏழு. இதற்குள் போனில் பேசினவர்களே பதினைந்து பேர் இருப்பார்கள்.

அடுத்துப் போனில் வந்த ஆளிடம் நேராகவே கேட்டேன். "எங்க பக்கத்துக்கு வந்து பார்த்தீங்களா?"

"பக்கத்துக்கா? அங்க எதுக்கு வரணும்? தினம் காலையில பஸ்ல போகும்போது என் போனுக்கே வந்துடுதே. முழுசா வரும். நேத்துதான் வரல" என்றார்.

அந்த ஆரஞ்சு பட்டன்! முதல் நாள் டிக் அடித்துவிட்டு நான் மறந்துபோன பட்டன். முழுப் பதிவும் கைக்கே போய்ச் சேரும்போது எவர் வேலை மெனக்கெட்டு எங்கள் பக்கத்துக்கு வருவார்? பக்கத்துக்கு வந்தால்தானே எண்ணிக்கை ஏறும்? ஊரெல்லாம் என்னைப் படித்திருக்கிறது. நான் மட்டும் ஏழு என்கிற எண்ணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். மடச்சி, மடச்சி என்று என் தலையில் நானே இரண்டு போட்டுக்கொண்டேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

இரண்டு போன் சேர்ந்து அடித்தபோது ஒன்றை அண்ணன் கையில் திணித்தேன். அவன் பயந்துகொண்டே காதில் வைத்தான்.

"அது வந்துங்க, மாட்டினதும் உடனே பெடல்ல கால் வைக்கக் கூடாது. பக்கத்துச் சக்கரத்தைக் கையாலயே உங்க பக்கமா ஒரு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. எங்கயாவது இடிச்சா நிறுத்திடுங்க, திரும்பக் கழட்டி மாட்டுங்க. சுத்தி வந்துடுச்சுன்னா தைக்கலாம்." ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான். காது சிவந்தது. "ஆமாங்க. நான்தான்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்கதானே அந்த 'போடறேன்' அண்ணன்னு கேக்கறாங்க. என்னடி எழுதி வெச்சிருக்க என்னைப் பத்தி?"

"உள்ளதைத்தான்" என்றேன்.

மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று போன். நானே கோடு போட்டு எண்ணினேன். ஆனால் அண்ணன் அசையவில்லை. "போன்ல பேசறவங்க வேற, மெஷினைத் தூக்கிட்டு இருபத்திரண்டு படி ஏறுறவங்க வேற" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"சனிக்கிழமை காலையில கீழ ஷட்டரை இறக்கிடுவோம். மேல உக்காருவோம். யாரும் வரலன்னா நானே பேனா எடுத்துத் தர்றேன், கையெழுத்துப் போடு. வந்தாங்கன்னா?"

"வரட்டும், பாக்கலாம்."

அன்றைக்கே எழுதினேன். முதல் வரியில், விட்ட வாக்கியத்தை முடித்தேன். அடுத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு இருப்பதை இருக்கிறபடியே சொன்னேன்: 'முன்பக்கக் கடை இனி இல்லை. பின்பக்கச் சந்து, பச்சைக் கம்பிக் கதவு, இருபத்திரண்டு படி. பத்தாவது படி கொஞ்சம் உயரம், பார்த்து வையுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மெஷினோடு வந்தால், ஷட்டிலைக் கழற்றி மாட்டுவதை அண்ணன் நேரிலேயே காட்டுவான். யாரும் வராவிட்டால் இதுதான் எங்கள் கடையின் கடைசிப் பதிவு.' இந்தத் தடவை எந்த பட்டன் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்தினேன்.

சனிக்கிழமை எட்டரைக்கே மேலே போய்விட்டோம். அண்ணன் மேசை போட்டுக் கருவிகளை வரிசையாக அடுக்கினான். அண்ணி அட்டைச் சீட்டுகளும் நூலுமாக வாசலில் உட்கார்ந்தாள். ஒன்பது அடித்தது. ஒருவரும் இல்லை. ஒன்பது பத்து. படியில் காலடிச் சத்தம் கேட்டு மூன்று பேரும் எழுந்தோம். தண்ணீர்க் கேன் போடுகிறவர், கதவு தெரியாமல் ஏறிவிட்டார். ஒன்பதரை. அண்ணன் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப வைக்க ஆரம்பித்தான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கீழே தொப்பென்று ஒரு சத்தம். "பத்தாவது படி! எழுதியிருந்தாங்கல்ல, பாத்து வைய்யி!" என்றது ஒரு பெண் குரல்.

கனத்த மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய ஒருவர் உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. மெஷினை மேசையில் இறக்கிவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். "அந்தச் சமையல் எண்ணெய் நான்தாங்க. போன வருஷம் எழுதியிருந்தீங்களே. அதுலேர்ந்து வீட்டுல எனக்கு அதுதான் பேரு."

"இப்ப என்ன விட்டீங்க?" என்றான் அண்ணன்.

"இப்ப ஒண்ணும் விடல. அதான் சத்தம் போடுது."

அண்ணன் சிரித்தான். ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. அவர்கள் பின்னால் திரைச்சீலைக்காரர், அவர் பின்னால் நர்ஸ். பிறகு நான் ஆள் பார்ப்பதை விட்டுவிட்டேன். பின்பக்கச் சந்து எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை நேரம் ஆகியிருக்கிறது. முதலில் கண்டுபிடித்தவர் தெருமுனையிலேயே நின்று மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாராம். தையல் வகுப்பு டீச்சர் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஆளுக்கொரு மெஷினோடு. ஏழாவது சீட்டைக் கட்டியதும் அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏழு ஆச்சு. இன்னும் வர்றாங்க. இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது, நாத்தனாரே?" என்றாள். எட்டு, ஒன்பது, இருபது என்று சீட்டு ஏறியது. அறை நிறைந்து, வாசல் நிறைந்து, படி நிறைந்தது. முன்பின் தெரியாதவர்கள் மடியில் மெஷினை வைத்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்து, என் பழைய பதிவுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பால் பல் யாரோடதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்று யாரோ கேட்டார்கள்.

பத்தரைக்கு டைக்காரர் வந்தார். கையில் ஃபைல். ஓரமாக ஏறப் பார்த்திருக்கிறார்.

"சார், வரிசையில வாங்க" என்றது ஒரு குரல்.

"நான் மெஷின் ரிப்பேருக்கு வரலங்க."

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பக்கம்? வழியை மறைக்காதீங்க."

அவர் மேலே வந்து சேர்வதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. டை தளர்ந்து தோளில் கிடந்தது. அண்ணன் முழங்கை வரை எண்ணெயும் பஞ்சுமாக நின்றான். "இதுல ஒரு கையெழுத்து" என்று ஃபைலை நீட்டினார். அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"கை காலியில்லைங்களே."

"திங்கட்கிழமை வரட்டுமா?"

"திங்கட்கிழமை இந்த மெஷினெல்லாம் இருக்கு. செவ்வாய்க்கிழமையும் இதேதான். உங்க சட்டை எனக்கு வேண்டாங்க, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு கடை இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் இருக்கு."

ஜெயிச்சுட்டேன்! எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன் என்றுதான் அண்ணி சொல்கிறாள். டைக்காரர் பாவம், நல்ல மனிதர்தான். படியை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளிய ஒரு போர்டுகூட இல்ல. இத்தனை பேரை எப்படிம்மா வரவெச்சீங்க?"

"நாங்க வரவெக்கல சார். ரெண்டு வருஷமா அவங்க வீட்டு மெஷினைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். அவ்வளவுதான்."

அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். "அந்த ஆரஞ்சு பட்டன் எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். சேர்த்துக்கொண்டு, எல்லாரையும் தாண்டித் தாண்டிக் கீழே போனார்.

அதற்குள் அண்ணன் ஒரு எரிந்த மோட்டாரைத் திறந்து வைத்திருந்தான். நான் மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அன்றைய பதிவை ஆரம்பித்திருந்தேன், நாலு வரிதான் ஆகியிருந்தது. அண்ணன் வயரைச் சொருகிவிட்டுச் சுவிட்சில் விரலை வைத்தான்.

"போடறேன்!"

"இரு, சேமிச்சுக்கறேன்!" என்று கத்தியது நான் இல்லை. அறையும் வாசலும் இருபத்திரண்டு படியும் சேர்ந்து கத்தின. டீச்சரின் பன்னிரண்டு பேரும், நர்ஸும், சமையல் எண்ணெய்க்காரரும், இதுவரை நாங்கள் முகமே பார்க்காத அத்தனை பேரும் ஒரே குரலில் கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அண்ணன் திகைத்துப்போனான். விரல் சுவிட்சில் அப்படியே நின்றது. கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தான். இந்த இரண்டு வருடத்தில் அவன் அப்படித் திரும்பியதே இல்லை.

"சேமிச்சுட்டியாம்மா?"

நாலு வரியையும் ஒரு முறை படித்தேன். பட்டனை இரண்டு முறை பார்த்தேன். அவசரமே படவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள், அவனும் காத்திருந்தான்.

"சேமிச்சாச்சுண்ணா. போடு" என்றேன். அதற்குப் பிறகுதான் சுவிட்சைத் தட்டினான்.